உயிர்வேலி எதற்கு, கம்பிவேலி போதாதா?

"வயலோரத்தில் செடியும் புதரும் வைத்து உயிர்வேலி வளர்ப்பதால் உண்மையில் என்ன பயன்? இடம் போகிறது, நிழல் விழுகிறது, பூச்சி சேர்கிறது. கம்பி இழுத்துக் கட்டினால் சீக்கிரம் வேலை முடிந்துவிடுமே?" என்பது கேள்வி.

எல்லையைக் காட்டவும் ஆடுமாடு நுழையாமல் தடுக்கவும் மட்டும்தான் வேலி என்றால், கம்பியே போதும். ஆனால் ஒரு நிலத்துக்குள் வந்து போகிறவை ஆடுமாடு மட்டுமா? காற்று வருகிறது. மழைநீர் ஓடுகிறது, போகும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. பயிரைத் தின்னும் பூச்சி வருகிறது, அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சியும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டியிருக்கிறது. இவை எதையும் கம்பி கண்டுகொள்வதில்லை. உயிர்வேலி இவை அத்தனையிலும் தலையிடுகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலி வைத்துவிட்டாலே பயன் வந்துவிடாது. அடிப்பகுதி அடர்ந்து, நடுவில் ஓட்டை விழாமல், ஆண்டுதோறும் மொட்டையடிக்கப்படாமல் இருக்கிற வேலிதான் இந்த வேலைகளைச் செய்யும். மேலே குடைபோல இலையும் கீழே வெறும் குச்சியுமாக நிற்பது பெயருக்குத்தான் வேலி.

முதலில் காற்று. காற்றைத் தடுக்க மதில்சுவர்தான் நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சுவரில் மோதும் காற்று மேலெழும்பி, மறுபக்கம் சுழன்று இறங்குகிறது. அந்த இடத்தில் இருக்கும் பயிர் முன்பைவிட மோசமாக அலைக்கழிகிறது. இலையும் கிளையுமான வேலியோ காற்றில் ஏறக்குறைய பாதியைத் தன் வழியே போகவிட்டு, போகிற போக்கில் அதன் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் காற்றுத்தடுப்புக்கு 40 முதல் 50 சதவீதம் இடைவெளி உள்ள வேலியைப் பரிந்துரைக்கிறார்கள். வேலியின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை இதன் பலன் நன்றாகத் தெரியும். அதற்கு அப்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். 3 மீட்டர் உயர வேலி என்றால் அதன் பின்னால் 30 மீட்டர். காற்று தணிந்தால் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரம் போவது குறையும், காய்ந்த மேல்மண் பறக்காது, காற்றடிக்கும் நாளிலும் தேனீக்கள் பூவுக்கு வரும். குளிர்ப் பிரதேசங்களில் பிறந்து சில மணி நேரமே ஆன ஆட்டுக்குட்டிகள் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் செத்துப்போகின்றன. ஒதுங்க அடர்ந்த வேலி ஒன்று இருந்தால் அவற்றில் பல பிழைத்துக்கொள்ளும். வெயில் பிரதேசங்களில் அதே வேலி நிழல்.

அடுத்தது தண்ணீர். கால்நடை மிதித்து இறுகிய மேய்ச்சல் நிலத்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். வேல்ஸில் பான்ட்பிரென் என்ற மலைப்பகுதியில் அக்கம்பக்கத்துப் பத்து பண்ணைக்காரர்கள் சேர்ந்து, மேய்ச்சல் நிலங்களின் ஊடே மரவரிசைகளும் வேலிகளும் நட்டார்கள். அவர்கள் நினைத்தது ஆடுகளுக்கு ஒதுக்கிடம். ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும் விதமே மாறியிருந்தது. ஆய்வாளர்கள் வந்து அளந்து பார்த்தபோது, மரவரிசைக்கு அடியில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் வேகம் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைவிட 60 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. அதுவும் நட்டுச் சில ஆண்டுகளிலேயே. வேர் போன வழியும் மண்புழு போன வழியும்தான் இதற்குக் காரணம்; அங்கே கால்நடையின் குளம்பு படவில்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் சரிவுக்குக் குறுக்கே ஓடுகிற வேலிதான் தண்ணீரை மறிக்கும். மேலிருந்து கீழாக, சரிவோடு சேர்ந்து ஓடுகிற வேலியால் இந்த விஷயத்தில் பெரிய பலன் கிடையாது. எனவே நடுவதற்கு முன்னால் ஒரு நல்ல மழையில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இதையே மண் அரிப்பைத் தடுக்கும் முறையாக முழுமைப்படுத்தியவர்கள் பிலிப்பைன்ஸில் இருந்தார்கள். மிண்டனாவோ தீவின் மலைச்சரிவுகளில் காடு வெட்டப்பட்டுச் சோளம் விதைக்கப்பட, சில ஆண்டுகளிலேயே மேல்மண் கரைந்து விளைச்சல் விழுந்தது. 1970களில் ஹரால்ட் வாட்சன் என்ற அமெரிக்க மிஷனரியும் அவரோடு வேலை செய்தவர்களும் அங்கே ஒரு முறையை உருவாக்கினார்கள். சரிவில் சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே மட்டத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைக் குறித்து, 4 முதல் 5 மீட்டருக்கு ஒன்றாக, சுபாபுல், கிளைரிசிடியா போன்ற தழைச்சத்தைச் சேர்க்கும் புதர்களை இரட்டை வரிசையாக நெருக்கி விதைப்பது. வளர வளர அவற்றை இடுப்புயரத்துக்கு வெட்டி, வெட்டிய தழையைப் பயிருக்கு அடியில் பரப்புவது. மழையில் கரைந்து வரும் மண் ஒவ்வொரு வேலியிலும் தட்டி நின்றுவிடும். ஆண்டுகள் போகப் போக வேலிகளுக்கு இடையே நிலம் படிப்படியாகச் சமமாகும். யாரும் மண்வெட்டி எடுத்துப் படிக்கட்டு கட்ட வேண்டியதில்லை. 1985இல் வாட்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது. வேலி என்றால் நிலத்தின் ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்ததுதான் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வேலிக்கு அடியில் உள்ள மண்ணை உழுவதில்லை, இலையும் சுள்ளியும் விழுந்து அங்கேயே மட்குகின்றன. அதனால் கார்பன் சேர்கிறது. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் அளந்தபோது, பக்கத்துப் புல்வெளியைவிட வேலியடி மண்ணில் சராசரியாக 31 சதவீதம் கூடுதல் கார்பன் இருந்தது.

இனி பூச்சி. வேலி வைத்தால் பூச்சி சேரும் என்பது உண்மைதான். எந்தப் பூச்சி என்பதுதான் கேள்வி. பயிரைத் தின்னும் பூச்சிக்கு வேலி தேவையில்லை, அதற்கு வயலே விருந்து. ஒரே பயிரை ஏக்கர் கணக்கில் வைத்திருக்கிறோம். வேலி தேவைப்படுவது அதன் எதிரிகளுக்குத்தான். அசுவினியைத் தின்பது மலர் ஈயின் புழு; ஆனால் வளர்ந்த ஈக்குத் தேனும் மகரந்தமும் வேண்டும். காய்ப்புழுவின் மேல் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் தேன் கிடைத்தால்தான் அதிக நாள் உயிரோடு இருந்து அதிக முட்டை வைக்க முடியும். பொறிவண்டுக்கும் தரைவண்டுக்கும் பயிர் இல்லாத மாதங்களில் ஒதுங்க, உழப்படாத ஓர் இடம் வேண்டும். அறுத்து உழுதுபோட்ட வயலில் இதில் ஒன்றாவது இருக்கிறதா? அடுத்த பயிர் வந்ததும் தீமை செய்யும் பூச்சி முதலில் வந்துவிடும், அதன் எதிரி எங்கோ தூரத்திலிருந்து தாமதமாக வரும். நடுவில் போகிற அந்தச் சில வாரங்களில்தான் மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே பூத்துக்கொண்டிருக்கும் வேலி அந்த இடைவெளியைச் சுருக்குகிறது.

தேனீக்களுக்கும் இப்படித்தான். தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாகப் பெட்டியில் வாழ்பவை அல்ல. தனித்தனியாக, மண்ணில் துளையிட்டோ காய்ந்த தண்டின் உள்ளேயோ கூடு வைப்பவை. பயிர் பூக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும் உணவு இருந்து, மிச்ச நாட்களில் ஒன்றுமே இல்லையென்றால் அவை அந்த வட்டாரத்திலேயே இருக்காது. வேலியில் ஒன்று மாற்றி ஒன்று பூக்கும் செடிகள் இருந்தால் ஆண்டு முழுக்க அவற்றுக்குச் சாப்பாடு.

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு தக்காளி, பாதாம் என்று பரந்து கிடக்கும், கண்ணுக்கெட்டிய தூரம் வேலியே இல்லாத பூமி. அங்கே லோரா மோராண்டின், ரேச்சல் லாங், கிளேர் கிரெமன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், மண்ணுக்குரிய பூக்கும் புதர்களால் வேலி வைத்த தக்காளி வயல்களையும், வழக்கம்போல் ஓரத்தில் களை மண்டிய வயல்களையும் ஒப்பிட்டார்கள். வேலியில் நன்மை செய்யும் பூச்சிகள் அதிகமாகவும் தீமை செய்பவை குறைவாகவும் இருந்தன. களையோரத்தில் நிலைமை தலைகீழ். வேலியின் பலன் வயலுக்குள் 100 மீட்டர் வரை தெரிந்தது. 2016இல் அவர்கள் கணக்கும் போட்டார்கள். மருந்துச் செலவு மிச்சமாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலி வைத்த செலவு திரும்ப 16 ஆண்டுகள் ஆகும். மகரந்தச் சேர்க்கையின் பலனையும் சேர்த்தால் 7 ஆண்டுகள். ஏழு ஆண்டுகள் குறைவில்லைதான். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு வேலி தலைமுறைகளுக்கு நிற்கும்.

உயிரினங்களைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் சொல்வது இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்து வேலி ஒன்றைத்தான். ராப் வோல்டன் என்ற சூழலியலாளர் தன் பண்ணையில் இருந்த, நூறு மீட்டர்கூட நீளமில்லாத ஒரு சாதாரண வேலியில் என்னென்ன வாழ்கின்றன, வந்து போகின்றன என்று பொறுமையாகக் கணக்கெடுத்தார். கண்ணுக்குத் தெரிந்து, பெயர் கண்டுபிடிக்க முடிந்தவை மட்டும் 2,070 இனங்கள். பெரும்பாலானவை பூச்சிகள். இவ்வளவு சின்ன இடத்தில் இது எப்படிச் சாத்தியம்? ஒரு நல்ல வேலியில் பல வகை வாழ்விடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே மரத்தின் உச்சி, நடுவில் முள்புதர், அடியில் நிழலும் சருகும், அதை ஒட்டி உயர்ந்த புல், பக்கத்தில் ஒரு மண்மேடு அல்லது வாய்க்கால். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். காட்டின் ஓரத்தில் கிடைப்பதெல்லாம் ஒரு சில மீட்டர் அகலத்தில் கிடைத்துவிடுகிறது.

பறவைகளுக்குள்ளும் யாருக்கு எது வேண்டும் என்பது வேறுபடும். யெல்லோஹேமர் போன்ற சிறு பறவைகள் தரையை ஒட்டியே கூடு கட்டுகின்றன. அவற்றுக்கு வேலியடியில் அடர்ந்த புல் வேண்டும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ஃபீல்ட்ஃபேர், ரெட்விங் கூட்டங்களுக்கு வேண்டியது ஹாதார்ன் முட்செடியின் சிவந்த பழங்கள். ஹேசல் டார்மவுஸ் என்ற எலி போன்ற சின்ன விலங்கு, விழித்திருக்கும் மாதங்களில் தரையில் இறங்கவே விரும்பாது. கிளைக்குக் கிளை தாவித்தான் ஒரு காட்டுத்துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். லாடமூக்கு வௌவால்களும் இரவில் இரை தேடிப் போகும்போது வேலியை ஒட்டியே பறக்கின்றன, வெட்டவெளியைக் கடக்கத் தயங்குகின்றன. அதனால் வேலியில் விழும் ஓட்டை நமக்கு ஒரு சின்ன சந்து. அவற்றுக்கு அது பாதை முடிவு. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அங்கங்கே துண்டு துண்டாக நிற்கும் வேலியைவிட, அரைக் கிலோமீட்டர் தொடர்ச்சியாக ஓடி ஒரு தோப்பையோ ஓடையையோ தொடும் வேலி மேலானது என்று நான் நினைப்பது இதனால்தான்.

உயிர்வேலி அமைக்கும் வேலை புதிதல்ல. கிமு 57இல் இன்றைய பெல்ஜியம் பக்கம் போரிட்ட ஜூலியஸ் சீசர், அங்கிருந்த நெர்வி இனத்தார் இளமரங்களை வெட்டி வளைத்து, இடையில் முட்செடிகளை வளரவிட்டு, சுவர்போல் வேலி அமைத்திருந்ததை எழுதிவைத்திருக்கிறார். குதிரைப்படை நுழைய முடியவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து 1944இல், பிரான்சின் நார்மண்டியில் பழைய மண்மேட்டு வேலிகள் அமெரிக்க டாங்கிகளையே நிறுத்திவைத்தன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஜூடித்தின் வேலி என்று ஒன்று 900 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. ஆனாலும் அந்நாட்டு வேலிகளில் பெரும்பகுதி பொதுநிலங்களைப் பிரித்துத் தனியாருக்குக் கொடுத்த 1750 முதல் 1850 வரையான காலத்தில் நடப்பட்டவை. ஊர்ப் பொதுமேய்ச்சலை இழந்த ஏழைகளுக்கு அந்த வேலி வரமாக வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், பெரிய இயந்திரங்கள் திரும்ப இடம் வேண்டும் என்று வேலிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் அதற்கு அரசே மானியம் கொடுத்தது. அன்று இருந்ததில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. பிரான்சில் நிலங்களை ஒன்றுசேர்க்கும் திட்டத்தில் 1950லிருந்து சுமார் 70 சதவீதம் போனது. 2017 முதல் 2021 வரைகூட அங்கே ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போனதாக அரசு அறிக்கையே சொன்னது. இப்போது அதே அரசு, 2030க்குள் 50,000 கிலோமீட்டர் கூடுதலாக்க 2023இல் திட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல், 20 மீட்டருக்குக் குறையாத வயல்வேலியைப் பிடுங்குமுன் உள்ளாட்சிக்குத் தெரிவித்தாக வேண்டும். 2024 முதல் இங்கிலாந்தில் பறவைகள் கூடுகட்டும் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வயல்வேலியை வெட்டவும் தடை. பிடுங்குவது எளிது, திரும்ப வளர்ப்பதற்குத்தான் இத்தனை பாடு.

சரி, குறைகளுக்கு வருகிறேன். வேலியே பயிரை மேயும் என்ற பயம் முழுக்கப் பொய்யில்லை. வேலியை ஒட்டிய முதல் சில வரிசைகளில் நிழலாலும் வேர்ப்போட்டியாலும் விளைச்சல் குறையத்தான் செய்யும். அதற்கு அப்பால் காற்று தணிந்த பகுதியில் கூடுதல் வருவதால் பல இடங்களில் கணக்கு சரியாகிவிடுகிறது. ஆனால் மழை குறைந்த நிலத்தில் தண்ணீருக்கே போட்டி என்றாகிவிட்டால் சரியாகாமலும் போகலாம். அங்கே வயலுக்கு நடுவே நெருக்கமாக வரிசைகள் வைப்பதைவிட ஓரத்தோடு நிறுத்திக்கொள்வதும், வேலிக்கும் பயிருக்கும் நடுவே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மேல்வேரைத் தடுப்பதும் புத்திசாலித்தனம். துண்டு நிலம் வைத்திருப்பவருக்கு ஒவ்வோர் அடியும் முக்கியம். நான்கு பக்கமும் வேலி வை என்று அவரிடம் சொல்ல மாட்டேன். காற்று வரும் பக்கமோ தண்ணீர் வெளியேறும் பக்கமோ, ஒரு பக்கம் போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, தவறான செடியைத் தேர்ந்தெடுப்பது. ஆஸ்திரேலியாவுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த சப்பாத்திக்கள்ளியை வேலிக்கும் வைத்தார்கள். அது தப்பித்துப் பரவி, 1920களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலத்தைப் பயனில்லாமல் ஆக்கியது. தென்னமெரிக்காவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் உலகின் பல மூலைகளில் இதே கதை. ஆடு தொடாது, தண்ணீர் கேட்காது, வெட்ட வெட்டத் தழைக்கும் என்று ஒரு வெளிநாட்டுச் செடியை யாராவது புகழ்ந்தால், அது உங்கள் வேலியோடு நிற்காது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தந்த மண்ணில் ஏற்கெனவே இயல்பாக வளர்பவற்றில் முள்ளுள்ளது, பழம் தருவது, பூப்பது, தழைக்கு ஆவது என்று ஐந்தாறு வகையைக் கலந்து வைப்பதுதான் சரி. ஒரே வகையாக வைத்தால் ஒரு நோய் வந்தாலே மொத்த வேலியும் போய்விடும், பூக்காலமும் சில வாரங்களில் முடிந்துவிடும்.

நடும்போது ஒற்றை வரிசையைவிட, ஓர் அடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை, ஒன்றின் சந்துக்கு நேரே மற்றொன்றின் செடி வரும்படி வைத்தால் அடி அடர்த்தியாக வரும். மழை தொடங்கும்போது நடுங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களையும் கால்நடையும்தான் எதிரி. அதுவரை பக்கத்தில் கம்பிவேலி இருப்பதில் தப்பே இல்லை. செடி பிடித்ததும் தயங்காமல் தாழ்வாக வெட்டிவிட வேண்டும். மனசு கேட்காது, ஆனால் அப்போதுதான் அடியிலிருந்து பல கிளைகள் வெடிக்கும்.

வளர்ந்த பிறகு செய்யும் தவறு இதற்கு நேரெதிர்: ஆண்டுதோறும் இயந்திரத்தால் ஒரே உயரத்துக்குச் சீவிவிடுவது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஹாதார்ன் போன்ற பல புதர்கள் போன ஆண்டுக் கிளையில்தான் பூக்கும். அதை வெட்டிவிட்டால் பூ ஏது, பழம் ஏது? பிரிட்டனில் ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஆண்டுதோறும் வெட்டிய வேலியைவிட மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெட்டியதில் பூக்கள் 2.1 மடங்கும் பழத்தின் எடை 3.4 மடங்கும் இருந்தன. பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் என்ற பட்டாம்பூச்சி பிளாக்தார்ன் செடியின் இளங்கிளைகளில் முட்டை வைக்கிறது; வருடாந்திர வெட்டில் முட்டைகளும் போய்விடுகின்றன. எனவே மொத்த வேலியையும் மூன்று பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கு, பழங்களைப் பறவைகள் தின்று முடித்த பிறகு, கூடுகட்டும் காலத்துக்கு முன்னால் வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய வெட்டுக்குச் சில அங்குலம் மேலே வெட்டினால் கணு முண்டுகட்டிப் போகாது. வேலைக்கூலியும் மிச்சம்.

பல ஆண்டு கவனிக்காமல் அடி வெறுமையாகிப் போன வேலியையும் பிடுங்க வேண்டியதில்லை. தண்டைத் தரையை ஒட்டிச் சாய்வாக, முழுக்கத் துண்டாகாமல் ஒரு நாக்கு அளவு பட்டையும் மரமும் மிச்சம் வைத்து வெட்டி, மெதுவாகப் படுக்கச் செய்து, ஊன்றிய குச்சிகளுக்கு நடுவே பின்னிவிடுவார்கள். படுத்த தண்டு உயிரோடு இருக்கும், வெட்டிய அடியிலிருந்து புதுக்கிளைகள் நேராகக் கிளம்பும். சீசர் பார்த்த வேலை இதற்கு நெருங்கியதுதான். எல்லாச் செடியும் இதற்கு வளைந்துகொடுக்காது. வளையாதவற்றைத் தரைமட்டத்துக்கு வெட்டித் தழைய விடலாம். ஓட்டை விழுந்த இடத்தில் போத்து ஊன்றியோ கன்று வைத்தோ அடைக்கலாம். பழைய வேலிக்கு அடியில் பல ஆண்டுகள் உழப்படாத மண்ணும் அதில் குடியிருப்பவையும் ஏற்கெனவே இருப்பதால், புதிதாக வைப்பதைவிட இப்படிச் சரிசெய்வது எப்போதும் சீக்கிரம் பலன் தரும். அப்படி ஒரு வேலி உங்களிடம் இருந்தால், இந்த ஆண்டு வெட்டாமல் விட்டு, எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு அந்த இடங்களில் நட்டால் போதும்.